ஆள் வேணும்

"ஆயாவைப் பார்த்துக்க ஆள் வேணும். நாளைக்கே வேணும். ராத்திரியும் தங்கணும்."

போனில் இதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் சொல்லப்படுவதில்லை. பேசுகிறவர் பெங்களூரில் இருப்பார், சென்னையில் இருப்பார், சில சமயம் டல்லாஸில் இருப்பார். ஆயா வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு நாலு தெரு தள்ளி, சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பார். இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் அழைத்து வந்திருப்பார்கள். மறுமுனையில் ஏஜென்சிக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். 12 மணி நேர டூட்டியா, 24 மணி நேரமா? நடப்பாங்களா, படுக்கையா? பிறகு பணம் பற்றிய பேச்சு. மறுநாள் காலையில் வேலூர் ரோட்டில் ஒரு பெண் துணிப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். அவர் உள்ளே போனதும் கதவு சாத்தப்படும். அதற்குப் பின் அந்த வீட்டில் நடப்பது அவருக்கும் ஆயாவுக்கும் மட்டுமே தெரியும்.

ஆஸ்பத்திரி வார்டில் ஹெட் நர்ஸ் ஒரு நடை நடந்தால் இருபது கட்டிலையும் பார்த்துவிடலாம். வீட்டுப் பராமரிப்பில் அது முடியாது. இருபது நோயாளி என்றால் இருபது வீடு, இருபது சாத்திய கதவு. கண்ணில் படாத வேலையை நடத்துவதுதான் இந்தத் தொழிலின் நிர்வாகம். அந்த வேலையை யார் எப்படிக் கண்ணில் வைத்திருந்தார்கள், இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த ஊரை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

வேங்கிக்கால் ஒரு காலத்தில் ஏரியும் வயலும்தான். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் வழியில், டவுனைத் தாண்டினால் வரும் கிராமம். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் அலுவலகம் இங்கே வந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்தால் பின்னாலேயே குவார்ட்டர்ஸ், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மனைப்பிரிவு என்று வரிசையாக வரும், வந்தன. அரசு மருத்துவக் கல்லூரியும் இதே பக்கம் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. தொண்ணூறுகளில், நாற்பது வயதில், பி.எஃப். கடன் போட்டு இங்கே மனை வாங்கிய வருவாய்த் துறை ஊழியரும் பள்ளி ஆசிரியையும் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மாடியில் பிள்ளைக்கென்று கட்டிய அறை பூட்டிக் கிடக்கிறது. பென்ஷன் வருகிறது, வீடு இருக்கிறது, தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

இது வேங்கிக்காலின் தனிக்கதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்தபடி வேகமாக முதுமை அடையும் பெரிய மாநிலங்களில் நாமும் ஒன்று.

ஊர் ஏரியும் வயலுமாக இருந்த காலத்தில் இந்தப் பக்கம் படுத்த படுக்கையானவரை யார் பார்த்தார்கள்? மருமகள் பார்த்தாள். மகளைப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தால் அவளும் வந்து பார்த்தாள். அதை ஒரு பொற்காலமாகப் பேசும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. முதுகில் புண் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப்போட்டு, அது எலும்புவரை போய்ச் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் அந்தப் புண்ணைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று அந்த வீடுகளுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அறிவு குறைவாக இருந்ததே தவிர, நிர்வாகம் இருந்தது. மூத்த மருமகள்தான் அதற்குத் தலைமை. காலையில் கஞ்சி யார் கொடுப்பது, ராத்திரி பக்கத்தில் யார் படுப்பது, அறுப்பு நாளில் யார் கழனிக்குப் போகாமல் வீட்டில் நிற்பது எல்லாம் அவள் சொல்படி. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி மாறிக்கொள்வாள். தப்பு நடந்தால் மறைக்க முடியாது. திண்ணையிலும் கொல்லையிலும் அடுப்படியிலுமாக வீட்டில் பத்துக் கண்ணாவது இருக்கும். ஊசி போடக் கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சைப் போட்டு, அடுப்பில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வேடிக்கையும் ஒரு மேற்பார்வைதான்.

விலை கொடுத்தவள் அந்த மருமகள்தான். அவளுக்கு லீவு கிடையாது, கூலி கிடையாது. முறையிடப் போனால் முறையிட வேண்டியது மாமியாரிடமே.

அந்தக் காலத்தில் ஒரு நோயாளியை இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்த கதைகளில் நன்றாக எழுதி வைக்கப்பட்டது ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் செங்கம் ரோட்டில் நடந்தது. 1949 தொடக்கத்தில் ரமண மகரிஷியின் இடது கையில் இருந்த சின்னக் கட்டியை ஆசிரமத்து டாக்டர் எடுத்தார். அது மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற புற்றுநோய். அந்த ஒரே ஆண்டில் நான்கு அறுவை சிகிச்சைகள், எல்லாம் ஆசிரமத்திலேயே. கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. இடையில் பச்சிலை வைத்தியம், ஹோமியோபதி என்று பக்தர்கள் தங்களுக்கு நம்பிக்கை உள்ள வைத்தியரை ஒவ்வொருவராக அழைத்து வந்தார்கள். யாரையும் அவர் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார்.

அந்த வரலாற்றைப் படிக்கும்போது பக்தியைத் தாண்டி என் கண்ணில் படுவது, அங்கே திணறிய நிர்வாகம். பொறுப்பு அவருடைய தம்பி நிரஞ்சனானந்த சுவாமிகளிடம் இருந்தது. அன்பு காட்டுகிறவர்கள் ஏராளம். எந்த வைத்தியம், எதுவரை, எப்போது மாற்றுவது என்று ஒரே குரலில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம் ஒன்றும் உண்டு. மகரிஷி ஓய்வெடுக்கட்டும் என்று பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை ஹாலுக்குள் யாரும் வரக்கூடாது என்று நிர்வாகம் விதி போட்டது. மறுநாள் அந்த நேரத்தில் அவர் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். ஹாலுக்குள் வரத்தானே தடை, நான் வெளியே இருக்கிறேன் என்று அர்த்தம். விதி நல்ல எண்ணத்தில் போட்டதுதான். யாருக்காகப் போட்டார்களோ அவரைக் கேட்டுப் போடவில்லை. இன்று ஹோம் கேர் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் தவறை நாள்தோறும் செய்கிறார்கள். மகனைக் கேட்டு நேரம் குறிக்கிறார்கள். நாலரைக்கே எழுந்து குளித்துப் பழகிய பெரியவரை ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டுகிறார்கள். பிறகு "தாத்தா ஒத்துழைக்க மாட்டேங்கறாரு" என்று புகார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் வீட்டுக்குள் வந்தது, ஆனால் வேறு வாசல் வழியாக. மெட்ராஸ் மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கென்று 1920களிலிருந்தே தனித் துறை உண்டு. 1939இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. அந்த மரபில் வளர்ந்தவர்தான் நமக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியர், ஊர்ப்பேச்சில் வி.எச்.என். அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கு மேலே சமுதாய சுகாதார செவிலியர், பிறகு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், துணை இயக்குநர் என்று படிகள். இந்த மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை, செய்யாறு என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஏ.டி.பி. என்கிற முன்கூட்டிய பயணத் திட்டம். மாதம் பிறக்கும் முன்பே எந்தத் தேதியில் எந்தக் கிராமம் என்று செவிலியர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாள்தான், ஆனால் அதில் மூன்று வேலை நடக்கிறது. கர்ப்பிணிக்கு எந்தக் கிழமை அக்கா வருவார் என்று தெரிகிறது. செவிலியருக்கு அந்த மாதத்தின் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கிராமத்தில் போய் நின்று, "இன்னிக்கு வந்தாங்களா? என்ன பார்த்தாங்க?" என்று கேட்கலாம். நல்ல மேலதிகாரி அந்தக் கேள்வியை ஓலை வீட்டு வாசலில் கேட்டார். சோம்பேறி மேலதிகாரி மாதக் கூட்டத்தில் ரிஜிஸ்டரைத் தள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரே திட்டம், ஒரே தாள். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களின் வித்தியாசம் அந்த வாசல்வரை போனதில்தான் இருந்தது.

அந்த ரிஜிஸ்டரில் கர்ப்பிணி இருந்தாள், குழந்தை இருந்தது, தடுப்பூசி இருந்தது. திண்ணையில் படுத்திருந்த கிழவர் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கும் புற்றுநோய் முற்றியவருக்கும் அதில் பத்தி ஒதுக்கப்படவில்லை. செவிலியர் அவர்களைத் தாண்டித்தான் குழந்தைக்கு எடை பார்க்கப் போனார்.

அந்தப் பத்தி சேர்ந்தது 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது. காரணம் வலுவானது. 2020இல் மாநிலம் நடத்திய ஆய்வில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். அதாவது மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது, நோய் வீட்டில் இருந்தது. சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்து தன்னார்வலர்களை எடுத்து, பி.பி. மிஷினும் சர்க்கரை பார்க்கும் மிஷினும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றியத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர், ஒரு பிசியோதெரபிஸ்ட். 2023-24இல் மறுபடி ஆய்வு செய்தபோது அந்த எண்கள் 17 ஆகவும் 16.7 ஆகவும் ஏறியிருந்தன. 2024 செப்டம்பரில் ஐ.நா.வின் முகமைகளுக்கு இடையேயான பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது. பத்தில் எட்டுப் பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான்.

தன்னார்வலர் பெண் அதே தெருக்காரி என்பது இதன் பெரிய பலம். வாசலில் நின்று "ஆயா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் ஆயா "போட்டேன்" என்றுதான் சொல்லும். விவரமானவள் அதோடு விடமாட்டாள். "அட்டையைக் கொண்டா பார்க்கலாம்" என்பாள். போன மாதம் கொடுத்த அட்டையில் பன்னிரண்டு மாத்திரை மிச்சம் இருந்தால், பி.பி. ஏன் இறங்கவில்லை என்று தெரிந்துவிடும். மிஷினில் வந்த எண்ணை மட்டும் செயலியில் ஏற்றிவிட்டுப் போகிறவளுக்கு இது தெரியாது. இந்த இரண்டு பேரில் யார் உருவாகிறார் என்பது மேலே இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் "எத்தனை வீடு முடிச்சே?" என்பது ஒன்றே கேள்வியானால் வீட்டின் எண்ணிக்கை கிடைக்கும். "யார் மாத்திரையை நிறுத்திட்டாங்க, ஏன்?" என்று கேட்டால் வேறொன்று கிடைக்கும். இத்தனைக்கும் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

நோய்த்தணிப்புச் செவிலியரின் நிலை இன்னும் இறுக்கம். 2011 கணக்கில் இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 24.6 லட்சம் பேர், ஒன்றியங்கள் 18. டவுன் மக்களைக் கழித்தாலும், சராசரியாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, கதீட்டரை மாற்றிவிட்டுப் போனால் அடுத்த முறை வரச் சில வாரங்கள் ஆகும். நடுவில் உள்ள நாட்களை யாராவது பார்க்க வேண்டும். அந்த நாட்களைத்தான் வசதி உள்ள வீடுகள் ஏஜென்சியிடம் வாங்குகின்றன.

பெருநகரங்களில் ஹோம் கேர் என்பது கம்பெனி. இங்கே அது பெரும்பாலும் ஒருவர், ஒரு செல்போன், ஒரு வாட்ஸ்அப் குரூப். போளூர், கலசப்பாக்கம், செங்கம் பக்கத்துப் பெண்கள், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியவர்கள், கணவனை இழந்தவர்கள், பிரிந்தவர்கள். எல்லாரையும் ஊர் "ஹோம் நர்ஸ்" என்கிறது. நர்ஸிங் படித்து கவுன்சிலில் பதிவு செய்தவர் அவர்களில் அரிது. ஊசி போடக் கூடாதவரிடம் இன்சுலினைக் கொடுத்துவிட்டு வீட்டார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவரைப் படுக்க வைத்தபடியே உணவு ஏற்றினால் அது நுரையீரலுக்குப் போகலாம், தலைப்பக்கம் உயர்த்தித்தான் ஏற்ற வேண்டும் என்பதை யாராவது ஒருமுறை கட்டிலருகே நின்று செய்து காட்டியிருக்க வேண்டும். அந்த ஒருமுறை எங்கே நடந்தது என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "அவங்க எக்ஸ்பீரியன்ஸ் ஆள் சார்" என்பதுதான் பதில்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மேற்பார்வை நன்றாக நடந்தது. அந்த ஏஜென்சியை நடத்துகிற பெண்மணி ஆளை அனுப்பும் முன் தானே ஒருமுறை வந்தார். கட்டிலின் உயரத்தைப் பார்த்தார். பாத்ரூமுக்கு எத்தனை படி என்று பார்த்தார். ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில காபியா டீயா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மகன் வீடியோ காலில் பதில் சொல்ல ஆரம்பித்தபோது, "நீங்க இருங்க சார், அம்மா சொல்லட்டும்" என்றார். பிறகு வேலைக்கு வரும் பெண் எங்கே படுப்பாள், எப்போது சாப்பிடுவாள், வாரத்தில் எந்த நாள் அவளுக்கு ஓய்வு என்று வீட்டாரிடம் பேசி முடித்தார். போகும்போது கட்டிலுக்கு அருகே கயிறு கட்டிய ஒரு நோட்டைத் தொங்கவிட்டார்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினோம், எவ்வளவு தண்ணீர் போனது, யூரின் பையில் எவ்வளவு வந்தது, மலம் போனதா, எந்த மாத்திரை கொடுத்தோம். எழுதுவது பெரிய விஷயம் இல்லை. எல்லா ஏஜென்சியிலும் இப்போது ஏதோ ஒன்று எழுதுகிறார்கள். படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் பெண்மணி வாரம் ஒருமுறை வந்து நோட்டைப் புரட்டுவார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நேரமெல்லாம் கச்சிதமாக, ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் அது காலையில் மொத்தமாக எழுதியது. உண்மையாகச் செய்தவர் எழுதினால் 8.20 இருக்கும், 10.45 இருக்கும், நடுவில் "தூங்கினாங்க, எழுப்பல" என்று இருக்கும், எண்ணெய்க் கறையும் இருக்கும். முதல் மாதத்திலேயே அப்படி ஒரு கச்சிதமான பக்கத்தை அவர் கண்டுபிடித்தார். வேலைக்கு வந்தவளைத் திட்டவில்லை. "ராத்திரி எத்தனை தரம் எழுந்தே?" என்று கேட்டார். ஆயா இரவெல்லாம் கூப்பிடுகிறது, பகலிலும் உட்கார நேரமில்லை, மூன்று வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் வெளியே வந்தது. இரவுக்கு வேறு ஆள் ஏற்பாடாயிற்று. வீட்டாருக்குச் செலவு கூடியது, முணுமுணுத்தார்கள். நோட்டில் நேரங்கள் மறுபடி கோணலாயின.

24 மணி நேர டூட்டி என்ற ஏற்பாட்டிலேயே ஒரு பொய் இருக்கிறது. யாராலும் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. குடும்பமும் ஏஜென்சியும் சேர்ந்து அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்கின்றன, ஏனென்றால் இரண்டு ஆளை விட ஓர் ஆள் மலிவு. பல இடங்களில் வீட்டார் கட்டுவது எவ்வளவு என்று வேலை செய்பவளுக்குத் தெரியாது, அவள் கைக்குப் போவது எவ்வளவு என்று வீட்டாருக்குத் தெரியாது. இரண்டையும் இரண்டு பேருக்கும் சொல்லிவிடுகிற ஏஜென்சியில் ஆட்கள் அடிக்கடி மாறுவதில்லை. நான் பார்த்த வரையில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

மாற்று ஆள் ஏற்பாடுதான் இந்த ஊரில் பெரிய பரீட்சை. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டம். பஸ்கள் டவுனுக்குள் வராமல் வெளியிலேயே நிற்கும். கார்த்திகை தீபத்துக்கு அதைப் போல் பல மடங்கு. தற்காலிகப் பஸ் நிலையங்கள், மாற்றுப் பாதைகள், தடுப்புகள். காலை எட்டு மணிக்கு இறங்கி ராத்திரி ஆளை விடுவிக்க வேண்டியவள் எங்கோ சிக்கிக்கொண்டு பதினொரு மணிக்கு நடந்து வருவாள். அதுவரை ராத்திரி ஆள் போக முடியாது; போனால் ஆயா தனியாக. பௌர்ணமி திடீரென்று வருவதில்லை, காலண்டரில் அச்சடித்திருக்கிறது. ஆனாலும் முதல் நாளே ஆளை வரவழைத்துத் தங்க வைக்கும் ஏஜென்சிகள் சில. அன்று காலையில் "ட்ராஃபிக் மேடம், என்ன பண்றது" என்று சொல்லும் ஏஜென்சிகள் பல.

மழை அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தீபம். இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் யாருக்கு ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது, கரண்ட் போனால் சிலிண்டர் இருக்கிறதா, யாருக்கு இன்சுலின் தீரப்போகிறது, யார் வீட்டில் இரண்டு பேருமே எண்பது வயதைத் தாண்டியவர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவரைத்தான் மேலாளர் என்று சொல்ல முடியும். மற்றவர் புரோக்கர்.

வீட்டுக்குள் போகும் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி ஏஜென்சிக்காரர்கள் பேசவே மாட்டார்கள். எங்கே சாப்பிடுவது, எந்தத் தட்டில், எந்தப் பாத்ரூம் என்பதில் தொடங்கி, தனியாக இருக்கும் வீட்டில் ஓர் ஆணின் கை நீள்வது வரை எல்லாம் நடக்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. வீட்டு வேலை செய்பவர் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். அந்தக் குழுவை அமைக்கும் மாவட்ட அதிகாரி உட்கார்ந்திருக்கும் வளாகம் இந்த வேங்கிக்காலிலேயே இருக்கிறது. அதே வளாகத்தின் வாசலில் பஸ் இறங்கி டூட்டிக்குப் போகும் பெண்களுக்கு அப்படி ஒரு குழு உண்டென்று சொன்னவர் யாரும் இல்லை. வேலைக்குச் சேர்க்கும்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியது இது. "அப்படி ஏதாவது நடந்தா உடனே கிளம்பி வந்துடு, சம்பளம் நான் தர்றேன்" என்று சொல்லும் மேலாளரை நம்பித்தான் ஒருத்தி முன்பின் தெரியாத வீட்டில் ராத்திரி தங்க முடியும்.

இங்கிலாந்தில் இதற்கெல்லாம் ஆணையம் இருக்கிறது. 2009இலிருந்து செயல்படும் பராமரிப்புத் தர ஆணையம் ஒவ்வொரு ஹோம் கேர் நிறுவனத்தையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறது: பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, கேட்டால் செவி கொடுக்கிறதா, நன்றாக நடத்தப்படுகிறதா. நிறுவனத்துக்கு மேலாளர் பெயர் சொல்லிப் பதிவு செய்யப்பட வேண்டும். மதிப்பீடு எல்லாரும் பார்க்க வெளியிடப்படும். நம் ஊர்ப் பிள்ளைகள் உட்பட ஏராளமான இந்தியர்கள் 2022க்குப் பின் அங்கே பராமரிப்பு வேலைக்குப் போனார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆணையம் இருந்தும் அங்கே ஊழல் ஏஜென்சிகள் முளைக்காமல் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ள ஓர் அறிக்கையாவது இருக்கிறது.

நெதர்லாந்தின் பியூர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பை மேலாண்மைப் பேச்சாளர்கள் அடிக்கடி இழுப்பார்கள். செவிலியரான யோஸ் டி பிளாக் 2006இல் தொடங்கியது. அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள் தங்கள் டூட்டியைத் தாங்களே போட்டுக்கொள்ளும், மேலே அதிகாரி கிடையாது. அருமையான ஏற்பாடுதான். அங்கே குழுவில் இருப்பவர்கள் படித்த செவிலியர்கள், காப்பீடு பணம் கொடுக்கிறது. எட்டாவது வரை படித்து, மலையிலிருந்து இறங்கி, முதல்முறை கதீட்டரைப் பார்க்கும் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பது வேறு.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கேரளா இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், சில ஆண்டுகளில் மலப்புறத்துத் தெருக்களில் தன்னார்வலர் குழுக்களாகப் பரவியது. 2008இல் மாநிலமே அதைக் கொள்கையாக்கி, வீட்டுப் பராமரிப்பை உள்ளாட்சிகளின் பொறுப்பில் கொண்டுவந்தது. செவிலியர் ஜீப்பில் வருகிறார். கூடவே வார்டு உறுப்பினரோ பக்கத்து வீட்டுத் தன்னார்வலரோ வருகிறார். நம் பழைய வீட்டின் பத்துக் கண்ணை ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், மருமகளின் முதுகில் ஏற்றாமல்.

வேங்கிக்காலில் அதற்கான துண்டுகள் எல்லாம் இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசாமல் இருக்கின்றன. தன்னார்வலர் பெண் மாதம் ஒருமுறை அதே வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே இருக்கும் ஹோம் நர்ஸ் அவளிடம் மாத்திரையை வாங்கி வைக்கிறாளே தவிர, முதுகில் சிவந்திருக்கிறது என்று சொல்வதில்லை. சொல்லச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நோய்த்தணிப்புச் செவிலியரின் போன் நம்பர் ஏஜென்சியிடம் இல்லை. ஏஜென்சியின் ஆட்கள் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. மருத்துவக் கல்லூரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் சீட்டு குடும்பத்தின் கைக்குப் போகிறது, வீட்டில் பார்க்கப் போகிறவளின் கைக்கு வருவதில்லை.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏஜென்சி நடத்துகிறவர்களை மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம். அரை நாள் எடுத்து, புரட்டிப் படுக்க வைப்பதையும் குழாயில் உணவு ஏற்றுவதையும் செவிலியர் அவர்களின் ஆட்களுக்குச் செய்து காட்டலாம். வந்து பழகியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுகாதார நிலையத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். பெங்களூரிலிருந்து பேசும் மகன் அந்தப் பட்டியலை ஒரு போட்டோவாக வாங்கிக்கொண்டு, ஏஜென்சிக்காரரிடம் ரேட் கேட்கும் முன் இன்னொன்றைக் கேட்கட்டும்: "உங்க ஆள் வராத நாள்ல யார் வருவாங்க, அவங்க பேர் என்ன?"